அக்கா சொன்ன மூன்று தேதிகள்

கடைக்கு மனு டைப் அடிக்க வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்: "வக்கீல் வைக்காம நாமளே போய் நின்னா ஏத்துக்குவாகளா தம்பி?" கையில் மடித்து மடித்து நைந்துபோன வங்கி நோட்டீஸ் இருக்கும். ராமநாதபுரத்தில் நான் டைப்பிங் சென்டர் வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று எத்தனையோ மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எதற்கும் தடுமாறியதில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் காலையில் வந்தவரிடம் "தாராளமாப் போகலாம்" என்றும், சாயங்காலம் வந்தவரிடம் "வேண்டாம்ணே, ஒரு வக்கீலைப் பாருங்க" என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் மனதறிந்துதான் சொன்னேன். முதல் பதிலைச் சொல்லும்போது என் அக்கா முகம் கண்ணில் நிற்கும். இரண்டாவதைச் சொல்லும்போது கீழக்கரைப் பக்கத்து மனிதர் ஒருவரின் முகம்.

அரிசி டிரம்

அக்கா வீடு திருப்பாலைக்குடிக்கு வடக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மனை அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. 2015-இல் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டார்கள். வங்கியில் 9 லட்சம் கடன், 15 வருடத் தவணை, மாதம் பத்தாயிரத்துச் சொச்சம். மச்சான் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். முதல் மூன்று வருடம் ஒரு டியூ தவறவில்லை. 2018 கடைசியில் அவர் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. சில வாரத்தில் ஆள் திரும்பினார், படகு திரும்பவில்லை. வேறு படகில் இடம் பிடிப்பதற்குள் வாடைக்காற்றும் முடிந்து தடைக்காலம் வந்துவிட்டது.

2019 ஜூலை 11, வியாழக்கிழமை. நான் அங்கே போயிருந்தபோது மருமகள் அடுப்படியைக் கூட்டுவதற்காக அரிசி டிரம்மை நகர்த்தினாள். அடியில் ஒரு நீளக் கவர். பதிவுத் தபால். தரை ஈரத்தில் ஒரு மூலை கருத்து, காகிதம் சிமென்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "மாமா, இது என்னன்னு பாருங்க" என்று நீட்டினாள். பிரிக்கவே இல்லை. அஞ்சலக முத்திரையைப் பார்த்தேன், மே மாதம். அக்காவைக் கேட்டதற்கு வாசலைப் பார்த்தபடி, "மே 20-ஆம் தேதி போஸ்ட்மேன் கொண்டாந்தாரு. பிரிச்சா மட்டும் என்னடா ஆகப்போகுது? இங்கிலீசுல இருக்கும். நாலு பேர்ட்ட காட்டணும். காட்டுனா ஊரு பூராத் தெரியும். ஒங்க மச்சானுக்குத் தெரிஞ்சா அவுக சாப்புட மாட்டாக" என்றாள். ஐம்பத்திரண்டு நாள் அந்தக் கவரின் மேல் டிரம் இருந்திருக்கிறது. தினமும் அதைத் திறந்து அரிசி அளந்து போட்டிருக்கிறாள்.

அடகு வைத்த சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிவிடுகிற சர்ஃபாசி சட்டம் தெரிந்தவர்களுக்கு அந்த ஐம்பத்திரண்டு என்ற எண் வயிற்றைக் கலக்கும். 90 நாள் தவணை நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடுகிறது. அதன் பிறகு பாக்கியைக் கட்டச் சொல்லி 13(2) பிரிவு நோட்டீஸ், அதற்கு 60 நாள். அந்த 60 நாளுக்குள் பணமும் கட்டாமல் வாயும் திறக்காமல் இருந்தால், வங்கி எந்த நீதிமன்றத்தின் படியும் ஏறாமல் வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆள் காலி செய்யாவிட்டால் கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்கிப் போலீஸோடு வருவார்கள். ஊரில் இதை இன்னும் ஜப்தி என்றுதான் சொல்கிறோம். ஜப்தி என்றால் கோர்ட் அமீனா வருவார், அதற்கு முன் கேஸ் நடக்கும், நாமும் வாய்தாவுக்குப் போவோம் என்றே எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கேஸ் என்று ஒன்று நடக்கவேண்டுமானால் அதைப் போடவேண்டியவர் வீட்டுக்காரர்தான் என்பது கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

என்னை இன்றைக்கும் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. சுவாதீனம் எடுத்ததும் வங்கி இரண்டு பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவேண்டும், அதில் ஒன்று அந்த வட்டாரத்து மொழியில் இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே இன்னாருடைய வீடு, இன்ன சர்வே எண், இவ்வளவு பாக்கி என்று ஊருக்குத் தமிழில் தெரிந்துவிடும். எட்டு நாள் மிச்சமிருந்தபோது நான் பிரித்த கவரில், தப்பிக்க வழி சொல்லியிருந்த நோட்டீஸில், அக்காவின் பெயரைத் தவிர அவளுக்குப் புரிகிற சொல் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெயரும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

அன்று ராத்திரி கடையைத் திறந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு ஆட்சேபணைக் கடிதம் அடித்தேன். கடனை மறுக்கவில்லை. படகு பிடிபட்டதை எழுதி, அபராத வட்டி எந்தக் கணக்கில் போடப்பட்டது என்று கேட்டு, தடைக்காலம் முடிந்து ஆள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் பாக்கியைப் பிரித்துக் கட்ட அவகாசம் கேட்டோம். மறுநாள் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். 15-ஆம் தேதி போட்ட வங்கியின் கையெழுத்தோடு அட்டை திரும்பி வந்தது. அக்கா அந்த அட்டையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். அப்படி ஆட்சேபணை வந்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லவேண்டும் என்பது வங்கிக்குச் சட்டம் போட்ட கட்டளை, 13(3ஏ) பிரிவு. பதில் வரவில்லை. செப்டம்பர் 5-ஆம் தேதி இரண்டு பேர் பசை வாளியோடு வந்து சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஈரத்துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்று பயம், அதனால் அதைச் சுற்றி வழிந்திருந்த பசையை மட்டும் துடைத்தாள்.

கடலுக்கு மாதக் கணக்கு கிடையாது

இதை ஒருமுறையாவது எழுதிவிடவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது 2017-இல் 61 ஆனது. மீன் பெருகவேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று ஒரு ஏற்பாடும் இருக்கிறது. வாடைக்காற்று தூக்கிவிட்டால் அந்த 3 நாளும் இல்லை. ஆக ஒரு கடல் குடும்பத்துக்கு வருமானம் கொத்துக் கொத்தாக வரும், பிறகு ஒன்றுமே வராது. வங்கியில் மாதம் பிறந்தால் 5-ஆம் தேதி டியூ. தடைக்காலத்து 61 நாளோடு முன்னும் பின்னும் ஒரு மாதம் சேர்ந்துகொண்டால் 90 நாள் என்கிற கோட்டை எந்த நேர்மையான குடும்பமும் தாண்டிவிடும். பயிர்க்கடனுக்கு இந்தக் கணக்கு இல்லை. குறுகிய காலப் பயிரென்றால் இரண்டு சாகுபடிப் பருவம், நீண்ட காலப் பயிரென்றால் ஒரு பருவம் தவணை நின்றால்தான் அது வாராக்கடன் என்று ரிசர்வ் வங்கியே வைத்திருக்கிறது. விளைச்சலுக்குப் பருவம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட ஒரு விதி, பக்கத்திலேயே கடல் இருப்பதைப் பார்க்கவில்லை. வீட்டுக்கடன் வேறு, பயிர்க்கடன் வேறு என்று சொல்வார்கள். அந்த வீட்டுக்கடனைக் கட்டுகிற காசு எங்கிருந்து வருகிறது என்று கடன் கொடுக்கும்போது கேட்டு எழுதிக்கொண்டுதானே கொடுத்தார்கள்?

நாங்கள் வக்கீலையும் பார்த்தோம். அவர் சொன்ன தொகை தப்பில்லை, மதுரைக்குப் போய்வரும் வேலை அது. ஆனால் அது இரண்டு டியூவுக்குச் சமம். அக்கா வெளியே வந்ததும், "அந்தக் காசை டியூவுல போட்டா ரெண்டு மாசம் கழியும்டா" என்றாள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அவளுக்கு இலவச வக்கீல் கேட்க உரிமை இருந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களைத் தனியாகவே குறித்திருக்கிறார்கள், தீர்ப்பாயத்து வழக்குகளுக்கும் அது செல்லும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. ராமநாதபுரத்திலேயே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு அடிக்கிற எனக்கே தெரியவில்லை என்பது இப்போதும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கதவில் ஒட்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் அதே சர்ஃபாசி சட்டத்தின் 17-ஆம் பிரிவில் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். பாக்கி 7 லட்சத்து 80 ஆயிரம் என்று போட்டிருந்தார்கள். 10 லட்சத்துக்குக் கீழே என்றால் கட்டணம் லட்சத்துக்கு 500, மிச்சத்துக்கும் ஒரு 500, ஆக 4,000 ரூபாய். டிடி எடுத்தோம். முதலில் இந்தச் சட்டம் வந்தபோது, கேட்ட தொகையில் 75 சதவீதத்தைக் கட்டினால்தான் தீர்ப்பாயத்தின் கதவே திறக்கும் என்று இருந்தது. மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப்போட்டது. அது மட்டும் நடந்திருக்காவிட்டால் அக்கா கிட்டத்தட்ட 6 லட்சத்தோடு போயிருக்கவேண்டும். 6 லட்சம் இருக்கிறவளுக்கு எதற்கு வழக்கு? மனுவை இரண்டு முறை குறை எழுதித் திருப்பினார்கள், பக்க எண் சரியில்லை, தமிழ்ப் பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லை என்று. மூன்றாவது முறை அக்டோபர் 14-ஆம் தேதி ஏற்றுக்கொண்டார்கள். 45 நாளில் ஆறு நாள் மிச்சம்.

"மனுதாரர் பேசட்டும்"

வாய்தா அன்று விடிவதற்கு முன்பே கிளம்பினோம். தேவிபட்டினம், ராமநாதபுரம், அங்கிருந்து பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை. என் மடியில் பதினொரு பக்க வாதம், ஆங்கிலத்தில், மூன்று ராத்திரி உட்கார்ந்து அடித்தது. தீர்ப்புகளின் பெயரெல்லாம் போட்டிருந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மானாமதுரையில் டீ குடிக்கக்கூட இறங்கவில்லை.

பெயர் கூப்பிட்டதும் நான் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். இரண்டு வரி போயிருக்கும். "நீங்க யாரு?" என்று மேலேயிருந்து கேள்வி. தம்பி என்றேன். "வக்கீலா?" இல்லை. "அப்ப நீங்க உக்காருங்க. மனுதாரர் பேசட்டும்." சட்டப்படி அது சரி. தன் வழக்கைத் தானே நடத்த மனுதாரருக்கு உரிமை உண்டு, அந்த உரிமை தம்பிக்குக் கிடையாது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பதினொரு பக்கத்தில் ஒரு வரியும் அக்காவுக்குத் தெரியாது, படித்துக் காட்டவேண்டும் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வங்கி வக்கீலைப் பார்த்துத்தான் பேசினாள், மீன் ஏலத்தில் கணக்குத் தப்பாகப் போட்டவரிடம் பேசுகிற குரலில், கோபம் இல்லாமல். "கடன் வாங்கலன்னு நான் சொல்லலங்கய்யா. மே 20-ஆம் தேதி ஒங்க நோட்டீசு வந்துச்சு. ஜூலை 15-ஆம் தேதி எங்க காயிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டீக. செப்டம்பர் 5-ஆம் தேதி கதவுல ஒட்டிட்டீக. நடுவுல எங்களுக்கு ஒரு பதிலும் வரல. தாறோம்னு எழுதியிருந்தோம்ல, வேணாம்னாவது ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல?" மஞ்சள் பையிலிருந்து ஒப்புகை அட்டையை எடுத்து நீட்டினாள். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

அட்டை மேலே போனது. வங்கி வக்கீலிடம் பதில் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கொடுத்ததாகச் சொன்னார், நகலும் காட்டினார். அனுப்பியதற்குத் தபால் ரசீது கேட்டபோது வாய்தா கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் எழுதிவைத்திருந்த பதினொரு பக்கத்திலும் இந்த விஷயம் இருந்தது, ஏழாம் பக்கத்தில், மூன்றாவது பத்தியில், இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவே. நான் பேசியிருந்தால் அந்தப் பக்கம் வருவதற்குள் உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

வீடு அன்றைக்கே மீண்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். 1 லட்சத்து 25 ஆயிரத்தை இரண்டு தவணையில் கட்டவேண்டும், அதுவரை மேல் நடவடிக்கை கூடாது என்று இடைக்கால உத்தரவு. முதல் தவணைக்கு அக்காவின் வளையலும் மகளிர் குழுக் கடனும் போயின. இரண்டாவதற்கு மச்சான் பட்ட பாடு. அதைக் கட்டி முடித்த பிறகு வங்கியே கணக்கைச் சரிப்படுத்திக்கொள்ள ஒத்துக்கொண்டது, மனு முடித்துவைக்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது நாலு மாதம். இறால் சீசனில் நாலு மாதம் என்றால் என்ன என்று கடல்காரர்களுக்குத் தெரியும்.

நாற்பது பக்கம்

அக்கா கதை பரவியது. கதை பரவும்போது தேதிகள் உதிர்ந்துபோய், "வக்கீலே இல்லாம ஒரு பொம்பள பேங்கை ஜெயிச்சுட்டா" என்பது மட்டும் நின்றது. அதைக் கேட்டுவிட்டுத்தான் கீழக்கரைப் பக்கத்திலிருந்து அவர் வந்தார். இருபது வருடம் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர், மரியாதையான மனிதர். கையில் செல்போனில் பார்த்து எழுதிய குறிப்புகள். வங்கி கொடுத்தது பணமே இல்லை, ஏட்டில் எழுதிய எண். ஆகவே கடன் செல்லாது. அசல் கடன் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினால்தான் வழக்கு நிற்கும். இப்படி நாற்பது பக்கம். அடித்துக் கொடுத்தேன். பக்கத்துக்கு 20 ரூபாய் வாங்கினேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். அசலைக் காட்டு என்பது அமெரிக்காவில் பிறந்த வாதம். அங்கே பல மாநிலங்களில் வீட்டை எடுக்கவேண்டுமானால் வங்கிதான் முதலில் நீதிமன்றம் போகவேண்டும், வீட்டுக்காரர் பிரதிவாதியாக நிற்பார். கடன்களைக் கட்டுக்கட்டாக விற்றுக் கைமாற்றியதில் யார் கையில் அசல் இருக்கிறது என்றே தெரியாமல் போனது. படிக்காமலே ஆயிரக்கணக்கான பிரமாண வாக்குமூலங்களில் வங்கி ஊழியர்கள் கையெழுத்துப் போட்டது 2010-இல் வெளியே வந்தது. 2012-இல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடும் மத்திய அரசோடும் 2,500 கோடி டாலருக்கு ஒத்துப்போயின. அந்த ஊரில் அசலைக் கேட்ட சாதாரண வீட்டுக்காரர்கள் உண்மையான ஓட்டையில்தான் விரலை வைத்தார்கள். நம் ஊரில் கதை வேறு. நாம் கடன் வாங்கும்போதே வீட்டின் அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து, ஒப்படைத்தோம் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தும் கொடுக்கிறோம். கேட்டால் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிவிடுவார்கள். காட்டினார்கள்.

அவர் முதலில் போனது முன்சீப் கோர்ட்டுக்கு, தடையாணை கேட்டு. சர்ஃபாசி நடவடிக்கையில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கேயே முப்பது நாளுக்கு மேல் கரைந்தது. அப்புறம் மதுரையில் போய் அந்த நாற்பது பக்கத்தையும் பேசப் பார்த்திருக்கிறார். தள்ளுபடி. சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகப் பாதித் தொகையைக் கட்டவேண்டும், மிஞ்சிப் போனால் கால்வாசியாகக் குறைப்பார்கள். அவரால் முடியவில்லை. வீடு ஏலம் போனது. பிறகு ஒருநாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. தன் ஃபைலை என் மேஜைமேல் வைத்து, "இதுல எங்க தப்புன்னு பாருங்க தம்பி" என்றார். அவருடைய ஏல நோட்டீஸை அப்போதுதான் முதல்முறையாகத் தேதி பார்த்துப் படித்தேன். ஏலத்துக்கு முன் 30 நாள் கொடுத்தார்களா, மதிப்பீடு எப்போது நடந்தது, பத்திரிகையில் எந்தத் தேதியில் வந்தது என்று அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை, எல்லாம் முடிந்த பிறகு கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் அந்த நோட்டீஸைப் படிக்கவே இல்லை. நாற்பது பக்கத்தில் ஒரு வரிகூட அவருடைய வீட்டைப் பற்றி இல்லை.

இப்போது கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் கவரைத்தான் கேட்கிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டி அனுப்புகிறேன். தானே நிற்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம் வாதம் அடித்துத் தருவதில்லை, ஒரு தாளில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிவரச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள்.

போன மாதம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முள்ளிமுனையிலிருந்து ஒரு பெண் வந்து வாசலிலேயே நின்றது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து நீளக் கவர் ஒன்றை எடுத்தது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அக்கா மீன் அரிந்துகொண்டிருந்த கையைக் கழுவித் துடைத்துவிட்டு அதை வாங்கினாள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர் பக்கம் திரும்பி, "இது என்னைக்கு ஆத்தா வந்துச்சு?" என்று கேட்டாள்.